பின்னால் இழுத்துப்போன காரில் என் மகன்

என் வயிற்றில் பிறந்த இரண்டு ஆண்பிள்ளைகளும் ஒருவரை ஒருவர் கொன்றுவிடுவார்கள் என்று நான் பயந்து பயந்து வாழ்ந்த காலம் ஒன்று இருந்தது. சகோதரங்களே, அந்தப் பயத்திலிருந்து ஆண்டவர் என்னை எப்படி இழுத்தெடுத்தார் என்றுதான் சொல்ல வந்தேன். எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் றோசலின் எழுதுகிறாள். பிழை இருந்தால் அவளைக் கேளுங்கள். நல்லாயிருந்தால் அது என்னுடையது.

எண்பத்தெட்டாம் ஆண்டு நான் யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்கு வந்தேன். மூத்தவன் தாசன் இங்கே லண்டனில், சட்டன் என்ற இடத்தில் முன்னமே வீடு வாங்கி றோசலினோடு குடும்பமாக இருந்தான். இளையவன் அருள் மொஸ்கோ, பேர்லின் என்று ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரனோடு அலைந்து எனக்குக் கொஞ்சம் முன்னால்தான் வந்து சேர்ந்திருந்தான். இரண்டு பேரும் விமான நிலையத்துக்கு வந்திருந்தார்கள். நான் தள்ளுவண்டியோடு வெளியே வர, அருள் ஓடிவந்து என்னைக் கட்டிப் பிடித்தான். பிறகு எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான்.

"அப்பு எங்கையம்மா? ரொய்லெட்டுக்குப் போட்டாரோ?"

நான் அவன் முகத்தைப் பிடித்துத் திருப்பினேன். "என்ன மோனே சொல்லுறாய்? அப்பு செத்து எவ்வளவு காலம்! உனக்குத் தெரியாதோ?"

தகப்பன் செத்தது அவனுக்குத் தெரியாது. தாசன் சொல்லவில்லை. வழியில் கேள்விப்பட்டால் தம்பி ஊருக்குத் திரும்பிப் போய்ச் சண்டைக்குள் அகப்பட்டுச் செத்துவிடுவான் என்று முதலில் மறைத்திருக்கிறான். தம்பி வந்து சேர்ந்த பிறகு சொல்லத் தைரியம் வரவில்லை. இன்று, நாளை என்று தள்ளிப் போட்டிருக்கிறான்.

அருள் என் தள்ளுவண்டியைப் பறித்துத் தமையன் மேல் மோதினான். பெட்டிகள் சிதறின. விழுந்தவன் மேல் ஏறி இருந்து முகத்திலே குத்தினான். நான் கட்டிக்கொண்டு வந்த பருத்தித்துறை வடை முழுக்க ரத்தம். தாசனும் சும்மா இருக்கவில்லை. கையைப் பிடித்து முறுக்கினதில் அருளின் விரல் முறிந்தது. தாசனுக்கு முன்பல் போனது. துவக்கை நீட்டிக்கொண்டு பொலிஸ்காரர் ஓடிவந்தார்கள். லண்டனில் நான் முதல் முதல் பார்த்தது அதுதான்.

அதற்குப் பிறகு மூன்று வருஷம் முகம் கொடுத்துக் கதையில்லை. நத்தார்ப் பண்டிகைக்கு ஒரு தரம் ஒரே மேசையில் இருத்திப் பார்த்தேன். கதவுக் கண்ணாடி உடைந்ததுதான் மிச்சம். "அண்ணை" என்ற சொல்லே அருளின் வாயில் வராது. "அம்மா, உவரிட்டச் சொல்லுங்கோ," என்பான், உவர் என்பது தமையன், பக்கத்திலேதான் நிற்பான். நான் அந்தோனியாரிடம் அழாத நாள் இல்லை. இரண்டு பேரையும் ஒரே வண்டியில் ஏற்றிவிடும் ஐயா, ஒரே வண்டியில் போனால் மனம் மாறும் என்றுதான் கேட்பேன். ஏன் வண்டி என்று கேட்டேனோ தெரியாது. தாசன் அந்த நேரம் ஒரு வெள்ளைக்காரக் கிழவரிடமிருந்து மோட்டார் ஹோம் வாங்கியிருந்தான். அதனால் இருக்கும். வீடும் வண்டியும் ஒன்றானது. கட்டில், அடுப்பு, கக்கூசு எல்லாம் உள்ளே. கக்கூசு பற்றி நிறையச் சொல்லலாம், வேண்டாம், இது கோயில் புத்தகத்தில் வருகிறது.

தொண்ணூற்றோராம் ஆண்டு ஓகஸ்ட் லீவுக்குக் கென்ட் கடற்கரைப் பக்கம் அந்த வண்டியிலேயே தங்கப் போவதாகத் தாசன் சொன்னான். அவ்வளவு பெரிய வண்டியைச் சின்னத் தெருக்களில் ஓட்ட ஏலாதாம். கடைக்கும் பூசைக்கும் போய்வர றோசலினின் சின்னச் சிவப்புக் காரைப் பின்னால் பூட்டி இழுத்துப் போக வேண்டுமாம். பூட்ட இரும்புச் சட்டம் வேண்டும். அருள் கராஜில் வேலை செய்கிறவன். நான் விடுவேனோ? "தம்பி பூட்டித் தந்தால்தான் நான் வருவன்," என்று தாசனுக்குச் சொன்னேன். "நீயும் வந்தால்தான் நான் சாப்பிடுவன்," என்று அருளுக்குச் சொன்னேன்.

அருள் வந்தான். சட்டத்தைப் பூட்டினான். காருக்குள் சாவியைப் போட்டு ஸ்டியரிங் பூட்டைத் திறந்துவிட்டான். பிறகு அந்தக் காருக்குள்ளேயே ஏறி இருந்து கதவை அடித்துச் சாத்தினான்.

"தம்பி, உதுக்குள்ள என்ன செய்யிறாய்? முன்னுக்கு வா, இடம் கிடக்கு."

"உவரோட ஒரு கூரைக்குக் கீழ நான் இருக்க மாட்டன். நான் பூட்டினதுக்கு நான் காவல். நீங்கள் போங்கோ."

"அம்மா, இழுக்கிற காருக்குள்ள ஆள் இருக்கக்கூடாது எண்டு உங்கட மகனுக்குச் சொல்லுங்கோ," என்றான் தாசன்.

"பொய் சொல்லுற ஆள் எனக்குச் சட்டம் படிப்பிக்கத் தேவையில்லை எண்டு உவருக்குச் சொல்லுங்கோ," என்றான் அருள்.

அப்படியே வெளிக்கிட்டோம். ஒருவன் முன்னால் ஓட்டுகிறான், மற்றவன் பின்னால் இழுபட்டு வருகிறான். நான் மோட்டார் ஹோமின் கடைசி இருக்கையில், பின் கண்ணாடிக்குப் பக்கத்தில் இருந்தேன். கண்ணாடிக்குக் கீழிருந்த தட்டில் என் சின்ன அந்தோனியார் சொரூபம், உள்ளே எங்களைப் பார்த்தபடி. வெளியே அருளின் முகம், உர்ரென்று. பெற்றோல் ஸ்டேசனில் இறங்கிப் போய் மீண்டும் கெஞ்சினேன். கண்ணாடியைக்கூட இறக்கவில்லை. பிகின் ஹில் என்ற இடத்தில் தாசனின் மகள், என் பேத்தி, ஓடுகிற கக்கூசில் இருக்கப் பயம் என்று நிற்பாட்ட, திரும்பவும் போனேன். "அம்மா, இன்னொருக்கா வந்தா நான் இறங்கி பஸ்ஸில போயிடுவன்," என்றான்.

எனக்கு வந்த கோபம்! திரும்பி ஏறி, அந்தோனியாரைப் பிடித்து வெளிப்பக்கம் முகம் இருக்கத் திருப்பி வைத்தேன். "நீரும் என்னோட கதைக்க வேண்டாம்," என்றேன். றோசலின் சிரித்தாள். "மாமி, அவர் பாவம்," என்றாள்.

லண்டன் முடிகிற இடத்தில் ஒரு பெரிய இறக்கம் இருக்கிறது. அதில் இறங்கத் தொடங்கக் கருகிற மணம் வந்தது.

"மாமி, அடுப்பு எரியுதோ? நூத்தனீங்களே?"

"நான் தொடவே இல்லைப் பிள்ளை."

அடுப்பு இல்லை, பிரேக். எங்கள் வண்டியில் இருந்த சுமையைக் கேளுங்கள். அரிசி மூட்டை, தேங்காய், பெரிய சட்டி பானை, இடியப்பத் தட்டு, ஊருக்கே சமைக்கிற மாதிரி. தாசன் பிரேக்கை மிதித்தபடியே இறங்கியதில் அது சூடேறி, பிடிக்காமல் போய்விட்டது. அவன் கால் தரையை இடித்த சத்தம் எனக்குக் கேட்டது. "மாதாவே!" என்று கத்தினான். வண்டி குதித்துப் பாய்ந்தது.

அலுமாரிக் கதவு பிய்ந்து பறந்தது. சட்டி என் நெற்றியில் அடித்தது, ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. பேத்தி மேசைக்கடியில் உருண்டாள், றோசலின் அவள் மேல் விழுந்து படுத்தாள். தேங்காய்கள் குண்டு மாதிரி ஓடிச் சுவரில் வெடித்தன. இடித்த மிளகாய்த்தூள் பை கிழிந்து வண்டி முழுக்கச் சிவப்புப் புகை. மூச்சு எடுக்க ஏலாது, கண் திறக்க ஏலாது. ஓட்டுகிறவனுக்கும் கண் எரிந்தது. ஒரு பக்கம் வேலி கிழிபட்டது, மற்றப் பக்கம் எதிரே வந்த வான் வண்டி எங்கள் பக்கக் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு போனது. கீழே சந்தி, அதில் நிறைய வாகனம்.

நான் செபிக்கவில்லை, சகோதரங்களே. "அந்தோனியாரே" என்று ஒரு கத்தல்தான். அதுவே செபம் என்று பங்குச் சுவாமியார் பிறகு சொன்னார்.

அப்போது தாசன் ஹோர்னில் கையை வைத்து அழுத்தினான். எடுக்கவே இல்லை. மற்றக் கையை ஜன்னலால் வெளியே போட்டுப் பின்னாலே பார்த்து வீசினான். "தம்பி! பிரேக் இல்லையடா! தம்பி!"

நான் ரத்தத்தைத் துடைத்துப் பின் கண்ணாடியால் பார்த்தேன். அருளின் முகம் மாறியது. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து எழும்பி நின்று பிரேக்கை மிதித்தான். காரின் நாலு சில்லும் தெருவில் தேய்ந்து அலறின. கறுப்புப் புகை. பின்னால் யாரோ எங்களைப் பிடித்து இழுத்த மாதிரி வண்டி முழுக்க உதறியது. இரும்புச் சட்டம் கத்தியது, ஆனால் விடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக வேகம் குறைய, தாசன் வண்டியை மண்மேட்டில் சாய்த்து உரசினான். பக்கத்துத் தகரம் பழத்தோல் மாதிரி உரிந்தது. நின்றோம். சந்தி கண்ணுக்கு முன்னால் இருந்தது.

முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. அருள் ஓடிவந்து, முன் கதவைப் பிய்க்காத குறையாகத் திறந்து, தமையனை வெளியே இழுத்துப் போட்டான். நெஞ்சிலே குத்தினான்.

"அப்பு செத்ததைத்தான் சொல்லேல்லை! பிரேக் இல்லையெண்டாவது வேளைக்குச் சொல்லக்கூடாதோ? நான் பின்னால இல்லாட்டி? அம்மா உள்ளுக்கு! பிள்ளை உள்ளுக்கு!"

தாசன் கை ஓங்கவில்லை. மிளகாய்க் கண்ணோடு, அழுகிறானோ எரிகிறதோ தெரியாது, "சொன்னனான் தானேயடா," என்றான். "இந்த முறை உடன சொன்னனான் தானே."

அருளின் கை அப்படியே நின்றது. பிறகு தமையனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அப்பு... அப்பு..." என்று குழறினான். மூன்று வருஷத்துக்கு முந்தி விமான நிலையத்தில் அழ வேண்டிய அழுகை அது. அடிக்கப் போய் அழாமல் விட்டது. இரண்டு பேரும் புல்லில் இருந்து அழுதார்கள். நானும் இறங்கிப் போய் நடுவில் இருந்தேன்.

பொலிஸ்காரர் வந்தார், நல்ல மனுசன். இழுத்துப் போகிற காருக்குள் ஆள் இருந்ததா என்று கேட்டு, தலையில் கையை வைத்துப் ஏசினார், ஏசினார். றோசலின் எனக்கு மொழிபெயர்த்தாள். அவர் சொன்னது சரி. நீங்கள் யாரும் அப்படிச் செய்யாதீர்கள். பெரிய இறக்கத்தில் சின்னக் கியரில் இறங்குங்கள் என்றும் அருள் சொல்லச் சொன்னான்.

அருள் தமையனிடம் முதல் கேட்டது என்ன தெரியுமோ? "அண்ணை, தண்ணி கிடக்கோ? கண்ணைக் கழுவுங்கோ." நான் காது குளிரக் கேட்டேன்.

இப்போது ஞாயிறு தவறாமல் இரண்டு குடும்பமும் ஒன்றாகத்தான் பூசைக்கு வருகிறது. நீங்களே பார்க்கிறீர்கள். சத்தம் போட்டுச் சண்டை பிடிக்கிறார்கள்தான், ஆனால் நேரே பிடிக்கிறார்கள், என்னைத் தூதுக்கு விடுவதில்லை. தாசன் எதையும் மறைப்பதில்லை. தனக்குச் சளி பிடித்தாலும் தம்பிக்குப் போன் எடுத்துச் சொல்கிறான். அருளுக்கு அதுவே இப்போது கரைச்சல்.

என் சாட்சி இதுதான். நான் கேட்டது, அருளை முன் வண்டியில் ஏற்றச் சொல்லி. வீட்டு வாசலில் கேட்டேன், பெற்றோல் ஸ்டேசனில் கேட்டேன், பிகின் ஹில்லில் கேட்டேன். ஒவ்வொரு தரமும் இல்லை என்றுதான் பதில். ஓம் என்று சொல்லியிருந்தால் அந்த இறக்கத்தில் பின்னால் பிரேக் மிதிக்க ஒருவரும் இல்லை. நாங்கள் எல்லோரும் ஒரே வண்டியில்தான் போயிருப்போம், ஒரே குழிக்கு.

கேட்டது கிடைக்கவில்லை என்று அழுகிற சகோதரங்களே, கொஞ்சம் பொறுங்கள். அவரை நம்பி இருங்கள். அன்று எல்லாம் ஓய்ந்த பிறகு நான் வண்டிக்குள் ஏறிப் பார்த்தேன். சட்டி பானை, கட்டில், கதவு ஒன்றும் அதனதன் இடத்தில் இல்லை. அந்தோனியார் மட்டும் வைத்த தட்டிலேயே நின்றார், மிளகாய்த்தூள் பூசி. நான் தண்டனை என்று திருப்பி விட்டவர், அருள் இருந்த பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.