கொப்ளினுக்கு மூன்று புள்ளி

நான்காவது பக்கத்தில் என் கை நின்றுவிட்டது. இலங்கை மலைநாட்டில், பதுளையில் காசிம் நானாவின் டைப் கடையில் நான் சேர்ந்து இரண்டாவது வருடம். எண்பதுகளின் தொடக்கம். அதற்கு முன் எந்த வேலையையும் பாதியில் நிறுத்தியதில்லை.

கொண்டுவந்தவன் தெமோதரைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றின் பெரிய கிளாக்கருடைய மகன். கொழும்பில் படித்துக்கொண்டிருந்தான். லண்டனிலிருந்து வந்த சொந்தக்காரனிடம் ஒரு விளையாட்டைக் கற்று, அதேபோல் தானும் ஒன்றை ஆங்கிலத்தில் எழுதியிருந்தான். ஆளுக்கொரு வேஷம்: வீரன், மந்திரவாதி, திருடன். தாயக்கட்டை உருட்டி, கற்பனை நாடொன்றில் சண்டை போட்டுக்கொண்டே போகவேண்டும். கூட்டாளிகளுக்கு இருபது பிரதி கேட்டான். டைப்ரைட்டரில் ரிப்பனை விலக்கிவிட்டு, பிரதியெடுக்கும் மெழுகுத்தாளில் ஸ்டென்சில் வெட்டத் தொடங்கினேன். முதல் மூன்று பக்கங்களை ரசித்துத்தான் அடித்தேன்.

பிறகு கொப்ளின்கள் வந்தன. நம் குட்டிச்சாத்தான் மாதிரி, ஆனால் ஒன்றிரண்டல்ல, ஒரு சனமே. குள்ளம், கறுப்பு. வரிசையாகக் கட்டிய பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைகளில், அறைக்கு எட்டுப் பேராக வாழும். விடியுமுன் தப்பு மேளம் அடித்தால் எழும்பி வந்து வரிசையில் நிற்கும். முதுகில் கூடை. கடல் தாண்டி வந்தவை. எந்த அரசனும் தன் குடியாக ஏற்கமாட்டான். பொய் சொல்லும், திருடும். ஒன்றைக் கொன்றால் மூன்று புள்ளி.

நான் பிறந்தது அப்படியொரு அறையில், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில். நான் அந்தப் பக்கத்தை அடித்த அன்றைக்கும் அம்மா மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். முன்னோர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் பிரஜாவுரிமை இல்லை.

"நானா, இத நான் அடிக்க மாட்டேன்" என்றேன்.

காசிம் நானா கண்ணாடியைப் போட்டு வாசித்தார். "வெளையாட்டுத்தானே புள்ள. அந்தத் தோட்டத்து வேலையெல்லாம் நம்மகிட்டதான் வருது. பேசாம அடிச்சிக் குடு."

மறுநாள் பையன் வந்தான். அந்தப் பக்கத்தை எடுத்துத் தமிழில் அவனுக்கே வாசித்துக் காட்டினேன்.

"நாங்க குள்ளம், நாங்க கறுப்பு. நாங்க திருடுவோம். எங்கள்ல ஒருத்தரக் கொன்னா மூணு புள்ளி. சரியா தம்பி?"

"ஒங்களச் சொல்லலக்கா. கொப்ளினு எப்புடி இருக்கும்னு யோசிச்சேன். எங்க குவாட்டர்ஸ் ஜன்னல்ல பாத்தா கீழ லயந்தான் தெரியும்."

"அங்க யாரு பேராச்சும் தெரியுமா?"

"எங்க வீட்டுக்கு வேலைக்கு வர்ற அம்மா... நான் பொறந்ததுலருந்து அவங்கதான் எனக்குச் சோறு போட்டாங்க... அவங்க பேரு..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். பெயர் தெரியவில்லை.

அன்று மாலையே தகப்பன் வந்தார். என்னைப் பார்க்காமல் நானாவிடம் பேசினார். "லயத்துப் புள்ளைக்கு நாலு எழுத்து அடிக்கத் தெரிஞ்சதும் வாய் வந்திருச்சோ? எம்மகன்கிட்ட மன்னிப்புக் கேக்கச் சொல்லுங்க."

"கேக்க மாட்டேங்க" என்றேன். "நீங்க ரெண்டு பேரும் எங்க சனத்துக்கிட்ட கேளுங்க."

மிச்சப் பக்கங்களை நானாவே இரண்டு விரலால் அடித்து, ரோனியோ மெஷினில் சுற்றிப் பிரதியெடுத்துக் கொடுத்தார். கொப்ளின் பக்கத்தோடு இருபது பிரதியும் கொழும்புக்குப் போயின. அந்த வாரக் கடைசியில் என் வேலை போனது. பிறகு பண்டாரவளையில் ஒரு சட்டத்தரணியிடம் சேர்ந்து, பிரஜாவுரிமை விண்ணப்பங்கள் அடித்தேன்.

டைப் அடிக்கும் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். உத்தியோகக் கடிதத்தில் எல்லோரும் மரியாதையாகத்தான் எழுதுவார்கள். "சும்மா வெளையாட்டுக்கு" என்று நீட்டுகிற தாளைத்தான் நிதானமாக வாசிக்க வேண்டும். நம்மை மனதில் எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதை அதில்தான் ஒளிக்காமல் எழுதுகிறார்கள்.