பொரி மாதிரி ஓர் இறகு

இதை எழுதப் பேனாவை எடுப்பதும், பூசை மாடத்தைப் பார்த்ததும் கீழே வைப்பதுமாக ஆறு வருடம் போய்விட்டது. அதிகம் படிக்காதவன். தெரிந்தபடி எழுதுகிறேன்.

போடிமெட்டுக்கு அப்பால், அணைத் தண்ணீர் ஓடும் ஆற்றை ஒட்டி எனக்கும் என் அண்ணனுக்கும் ஏலக்காடு. வேலித் தகராறில் பேச்சு நின்றுபோனவர்கள் நாங்கள். கரையில் எங்கள் கருப்பசாமி கோயில். அதன் முன்னால் மடுவில் கிடக்கும் கெண்டைகள் சாமி மீன்கள். பொரி போடுவோம், பிடிக்க மாட்டோம்.

நான் மீன் தின்பதில்லை. ஆனால் மூணாறு பக்கம் எஸ்டேட்டில் வேலை பார்த்தபோது, ட்ரவுட் மீன் பிடிக்க வந்த ஒரு விருந்தாளியிடம் அந்த வித்தையைக் கற்றேன். புழு கிடையாது. தூண்டில் முள்ளில் இறகைக் கட்டிப் பூச்சி போல நீர்மேல் இறக்க வேண்டும். பிடித்ததை விட்டுவிட வேண்டும். இங்கே அணைக்கடியில் ஜிலேபி மீன்களிடம் தனியாகச் செய்துபார்த்தேன். அண்ணன் ஒருமுறை பார்த்துக் காறித் துப்பிவிட்டுப் போனார்.

அதோடு நிற்கவில்லை. வெள்ளைக் கோழி இறகைப் பொரி மாதிரி உருட்டிக் கட்டி, ஆளில்லாத காலையில் சாமி மடுவில் போட்டேன். பொரிக்குப் பழகிய மீன், உடனே கவ்வியது. கன்னத்தில் போட்டுக்கொண்டு விட்டுவிட்டேன். கொல்லவில்லையே, பாவமில்லை என்று நினைத்தேன். அதுவே வழக்கமாயிற்று.

ஒருநாள் பெரிய கெண்டை கவ்விய நேரம், அணையைத் திறந்துவிட்டார்கள். தண்ணீர் வந்த வேகத்தில் தூண்டில் நரம்பு அறுந்தது. கோயிலில் பொங்கல் வைக்கிற நாளன்று அது செத்து மிதந்தது, தொண்டையில் இறகு கட்டிய என் முள்ளோடு.

ஆற்றில் வலை போடுகிறவர் அண்ணன். எல்லோரும் அவரைத்தான் பார்த்தார்கள்.

“சாமி மீனத் திங்கப் பாத்த வாயிக்குத் திருநீறு ஒரு கேடா?” என்றார் பூசாரி.

“ஜிலேபி தின்னேன், இல்லேங்கல. வலை போடுறவனுக்கு முள்ளு எதுக்குய்யா? இது அவென் கட்டுற எறகு!” அண்ணன் என்னைக் காட்டினார். “ஏலே, சொல்லு. இது யாரு வீட்டுக் கோழி?”

“எல்லாரு வீட்டுலயுந்தான் வெள்ளக் கோழி இருக்கு” என்றேன்.

“மீனு வாசமே ஆகாத மனுசன் மேலயா பழி போடுற? பங்காளிச் சண்டைய சாமி முன்னால கொண்டாராத” என்று ஊரார் அண்ணனுடைய பொங்கல் பானையை வரிசையிலிருந்து தூக்கி வெளியே வைத்தார்கள். அண்ணி அழுதார். எனக்குள் ஒரு சந்தோசம் இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

அன்றிலிருந்து அண்ணன் பானை அக்கரையில்தான் பொங்குகிறது. நான் இக்கரையில் திருநீறு பூசிக்கொண்டு நிற்கிறேன். இந்த வருடம் தாங்கமுடியாமல் ஆற்றைக் கடந்து போனேன்.

“பூசாரிகிட்டச் சொல்லிர்றேண்ணே.”

அவர் விறகைத் தள்ளிக்கொண்டே சொன்னார்: “ஒன் வாய்ப்பேச்சு எனக்கெதுக்கு? நாளைக்கே மாத்திப் பேசுவ. எழுதிக் கோயில்ல ஒட்டு. பெறகும் என் வாசப்படி மிதிச்சிராத.”

எழுதி ஒட்டுகிறேன். இது அந்தத் தாள்தான். படிக்கிறவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள், இருக்கிறபடியே. அண்ணன் தம்பி சேர்ந்துவிட்டார்கள் என்று மட்டும் யாரும் சேர்த்துச் சொல்லாதீர்கள். சேரவில்லை.