இடப்பக்கத்துக் குரல்

நான் பொய் சொல்கிறவன்தான். ஊரே சாட்சி. ஆனால் இது நடந்தது.

தொடக்கம் என் கைங்கரியம். செப்டம்பரில் மலை ஆடுகளை ஓட்டி வந்து அடைத்தோம். பட்டிக் கதவுக்குக் கொக்கி போட வேண்டியவன் நான். போட்டதாகத்தான் நினைத்தேன். பதினோரு ஆடுகள் மறுபடி மேலே போய்விட்டன, ஆஸ்பிர்கிப் பள்ளத்தின் விளிம்புக்கு.

"கொக்கி எதுக்குடா இருக்கு கௌட்டி, உன் தொப்பியை மாட்டவா?" என்றாள் ஸ்டெய்னுன். ஆடு ஓட்டுகிற எங்கள் கூட்டத்துக்கு அவள்தான் தலைவி. "நாலு பேரும் ஏறுங்க. பக்கம் பக்கமா, ஒரே வரிசையா."

எனக்கு இடப்பக்கம், விளிம்போரம், எங்கள் கூட்டத்துத் தோர்டிஸ்.

ஓடின் கடவுளின் எட்டுக்கால் குதிரை குளம்பு பதித்த பள்ளம் என்பார்கள் பெரியவர்கள். பனிமலை உடைந்து வந்த வெள்ளம் அறுத்தது என்பார்கள் படித்தவர்கள். யார் செய்திருந்தாலும் ஒரு வேலி வைத்திருக்கலாம். தொண்ணூறு மீட்டர் ஆழம்.

3.10. மூடுபனி இறங்கியது.

மூடுபனியில் ஒரே விதி. பக்கத்து ஆள் "ஹோ" என்றால் நீயும் "ஹோ" சொல்ல வேண்டும். அதைக் கேட்டுத்தான் அவன் விளிம்பை விட்டு விலகி நடப்பான்.

போன வருடம் விளிம்போரம் நடந்தவன் இல்லுகி. அவன் கூப்பிட்டபோது என் வாய் நிறைய வெண்ணெய் தடவிய கருவாடு. ஒரு தடவைதானே, மென்றுவிட்டுச் சொல்லலாம் என்றிருந்தேன்... பனி விலகியபின் அவன் உடலைக் கீழே மரங்களுக்குள் கண்டெடுத்தோம். "எனக்கு எதுவும் கேக்கல" என்றேன் எல்லோரிடமும். "காத்து அப்படி" என்றாள் ஸ்டெய்னுன். அன்று காற்றே இல்லை.

3.40. இடப்பக்கம்... "ஹோ..."

தோர்டிஸ்தான். தொண்டை கிழியப் பதில் சொன்னேன்.

மறுபடி "ஹோ..." கொஞ்சம் தள்ளி. வரிசை அறுந்துவிடக் கூடாதே என்று அந்தப் பக்கம் நகர்ந்தேன். "ஹோ!"

ஆட்டுச் சத்தம் இல்லை.

3.44. "ஹோ..."

கீழேயிருந்து வந்தது.

நின்றேன். பனி ஒரு முழம் விலகியது. என் பூட்ஸ் முனைக்கு அப்பால்... தரையில்லை. ஒரு கடற்பறவை எனக்குக் கீழே பறந்துகொண்டிருந்தது.

அந்த மூன்றாவதுக்கு மட்டும் நான் பதில் சொல்லவில்லை.

போன வருடம் போலவே.

பட்டிக்குத் திரும்பினால், அங்கே தோர்டிஸ் முட்டியைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"முட்டி வலின்னு மூணு மணிக்கே திரும்பிட்டேனே. உனக்கு அந்தாண்ட யாரு இருக்கா? பள்ளந்தான்."

ஸ்டெய்னுன் காப்பி ஊற்றிக் கொடுத்தாள். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவளிடம் கேட்டேன்.

"போன வருஷம் இல்லுகி கூப்பிட்டது உனக்குக் கேட்டுச்சா? காத்துன்னு சொல்லாத."

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"கேட்டுச்சு. வரிசையோட மறுகோடியில நடந்த எனக்கே கேட்டுச்சு. மூணு தடவை, கௌட்டி."

பிறகு சொன்னாள்.

"மூணாவது, கீழேயிருந்து."