பிரேக் பைப் வைத்த அடுப்பு

எனக்குப் புகை ஆகாது. கொழுந்துக் கூடையோடு மலை ஏறும்போது வராத இரைப்பு, அடுப்படிக்குள் கால் வைத்த உடனே வந்துவிடும். ஒரு பானை சோறு வடிப்பதற்குள் பல தடவை வெளியே ஓடி, லயத்து வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு இருமுவேன். விறகடுப்புப் பக்கமே போகக் கூடாது என்று கிளினிக் டாக்டர் சொல்லிவிட்டார். சொல்வதற்கென்ன! நாட்டிலேயே கேஸ் கிடைக்காத காலம் அது. கிடைத்த பிறகும் விலை எங்கள் கைக்கு எட்டவில்லை. கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சியை மிலாறு என்போம், அதுதான் விறகு. மஸ்கெலியா மழையில் அது என்றைக்குக் காய்ந்தது?

என் வீட்டுக்காரர் தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில் மெஷின் பழுது பார்க்கிற பிட்டர். ஃபேக்டரியைத்தான் நாங்கள் ஸ்டோர் என்போம். அடுப்புக்கு நன்றாகக் காற்று ஊதினால் புகையும் சேர்ந்தே எரிந்துவிடும் என்று ஒரு சின்ன ஃபேன் வைத்தார். நன்றாகத்தான் இருந்தது, கரண்ட் இருந்த வரைக்கும். அப்போதெல்லாம் கரண்ட்டை நிறுத்துவதே நான் உலை வைக்கிற நேரம் பார்த்துத்தான். பேட்டரி போட்டுப் பார்த்தார், அதுவும் செத்துப்போனது.

"அடுப்புச் சூட்டுலயே ஃபேனைச் சுத்த வெச்சிடுறேன்" என்றார்.

"ஆமா, அப்பிடியே சோத்தையும் வடிச்சிடச் சொல்லுங்க."

கிண்டல் பண்ணினேனே தவிர, உள்ளுக்குள் ஆசைதான்.

போனில் வீடியோ பார்த்துப் பார்த்து ஒரு என்ஜின் செய்தார். ஒரு சிலிண்டருக்குள் கொஞ்சம் காற்றை அடைத்துவைக்க வேண்டும். ஒரு முனை நெருப்பில், மறுமுனை தண்ணீரில். உள்ளேயிருக்கும் காற்று இங்கும் அங்கும் போய்வரும். சூடானால் விரியும், ஆறினால் சுருங்கும். அந்தத் தள்ளலில் பிஸ்டன் ஆடும், சக்கரம் சுற்றும், அதோடு ஃபேனும் சுற்றும். எண்ணெயும் வேண்டாம், கரண்ட்டும் வேண்டாம்.

நெருப்பில் இருக்கும் முனைக்கு ஹீட்டர் என்று பேர். முதலில் அடி தட்டையான ஓர் இரும்புக் குவளையை வைத்தார். சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டால், வேண்டாவெறுப்பாகக் கொஞ்சம் சுற்றி நின்றது. நெருப்பின் சூடு உள்ளே காற்றுக்குப் போய்ச் சேரவில்லை.

"நம்ம ஸ்டோர் அடுப்பு மாதிரி பைப்பு வெச்சா சரியாப் போயிடும்" என்றார்.

ஸ்டோரில் தேயிலை காயவைக்கும் அடுப்பில் ஆள் நீளக் குழாய்கள் வரிசையாக இருக்கும். வெளியே நெருப்பு, உள்ளே காற்று. பைப்பு கூடினால் சூடு கூடும். வருசக்கணக்காக அதை ஒட்டுப்போட்டுப் பழகிய கை சும்மா இருக்குமா? தடித்தடியாகப் பைப்புகளை வளைத்து அடுப்பு நிறைய வைத்தார். என் சட்டிக்கு இடமில்லை. பைப்பெல்லாம் சிவந்தன. சக்கரம் அசையவே இல்லை. நான் இருமி இருமிச் சுருண்டு உட்கார்ந்துவிட்டேன்.

"எடுங்க இந்தக் கருமத்த!"

எடுத்துவிட்டார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. எனக்கும் இறங்கவில்லை. இந்த அடுப்படியிலேயே என் மூச்சு நின்றுவிடும் என்று பயந்தேன். அவருக்கும் அதே பயம்தான்.

தப்பு எங்கே என்று பிடிபடச் சில நாள் ஆனது. ஸ்டோர் அடுப்பில் காற்று ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் போய்விடும், எவ்வளவு போனாலும் நல்லது. இந்த என்ஜினிலோ அடைத்துவைத்த காற்று கொஞ்சம்தான். அது போகிற வழி பெரிதாக இருந்தால், தள்ளுகிற பலத்தை அந்த இடமே விழுங்கிவிடும்.

"காத்துக்குப் பெரிய வீடாக் கட்டிக் குடுத்துட்டேன். அது அங்கேயே படுத்துக்கிச்சு" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

டவுனில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் முதலாளியிடம் லொறி பிரேக் பைப் வாங்கிவந்தார். இரும்புதான், ஆனால் பென்சிலைவிட மெல்லிசு. சாண் அளவுக்கு வெட்டி, கொத்தாகச் சேர்த்து, பித்தளையை உருக்கி ஒட்டினார். உள்ளே இடம் சின்னது, வெளியே நெருப்புப் படுகிற பக்கமோ நிறைய. முதலில் நெருக்கி வைத்ததில் மிலாற்றுக் கரி இடையில் அடைத்துக்கொண்டு சூட்டை மறித்தது. மறுபடி கழற்றி, விரல் நுழைகிற அளவு இடைவெளி விட்டார்.

சுற்றியது. ஃபேன் ஊத ஊத, ஈர மிலாறுகூடப் பளிச்சென்று எரிந்தது. சோறு வடித்தேன், பருப்பும் வைத்தேன். தாளிக்கும்போது அவர் ஸ்பேனரோடு வந்து குந்தினார்.

"வேகம் பத்தல. பைப்பை இன்னும் கொஞ்சம் கட்டையா வெட்டினா..."

"கை வெச்சீங்கன்னா பாருங்க! ஒரு பொருள் ஒழுங்கா ஓடுனா ஒங்களுக்குப் பொறுக்காதா? இத்தன நாளு என் அடுப்படிய ஒடச்சுப் போட்டது போதாதா? ஒரு வாய் சோறு நிம்மதியாப் பொங்க விட மாட்டீங்களா? கழட்டுறதா இருந்தா மொதல்ல என்னக் கழட்டி வெளிய போட்டுட்டுக் கழட்டுங்க!"

இன்னும் என்னென்னவோ சொன்னேன். அடுப்புக்கு முன்னால் நின்றபடியே, ஒரே மூச்சில். அவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிப்பாட்டாத. இன்னும் திட்டு" என்றார்.

அவர் கண் கலங்கியிருந்தது. அடுப்படியில் புகையே இல்லை.