நோட்ஸில் இல்லாத விடை

ஒரகடத்தில் காலை ஷிப்ட் முடிந்ததும் நானும் என் அறைத்தோழியும் தண்டலத்தில் ஒரு கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போவோம். அவள் திருநெல்வேலிக்காரி. இருவரும் ஒரே கம்பெனியில் வயரிங் லைனில் இருந்தோம். புரோகிராம் எழுதத் தெரிந்தால் வேறு வேலைக்குப் போய்விடலாம் என்று நினைப்பு.

அங்கே பயிற்சி என்றால் வாத்தியார் வாசிக்கும் புரோகிராமை நோட்டில் பத்து முறை எழுதுவது. அன்று லிங்க்டு லிஸ்ட். அதில் ஒவ்வொரு பெட்டியும் அடுத்த பெட்டியின் முகவரியை வைத்திருக்கும். அந்த வரிசையைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். அடுத்த முகவரியை ஏன் முதலிலேயே தனியாக எடுத்துவைக்கிறோம் என்று கேட்டேன்.

"லைன்ல ஸ்க்ரூ போட சொல்லோ ஏன்னு கேட்டுகினா கீற? நோட்ஸ்ல கீறத எழுதுமா" என்றார் வாத்தியார்.

"கேப்பேன் சார். தப்பா போட்டா லைனே நின்னுடும்."

வகுப்பு சிரித்தது. எனக்கு முகம் எரிந்தது. விடுமுறையன்று காலண்டர் தாள்களைக் கிழித்து, தரையில் வரிசையாக வைத்துத் திருப்பிப் பார்த்தேன். முகவரியை எடுத்துவைக்காமல் திருப்பினால் மீதி வரிசை தொலைந்துபோகிறது. இவ்வளவுதான். இதைச் சொல்ல அவருக்கு ஒரு நிமிடம் போதும்.

அடுத்த வாரத் தேர்வில் என் வழியில் எழுதினேன். பூஜ்யம் போட்டிருந்தார். நோட்ஸ் மாதிரி இல்லையாம். ஓட்டிப் பாருங்கள் என்று கேட்டுக் கம்ப்யூட்டரில் தட்டினேன். சரியாகத் திரும்பியது.

"பெட்டியே இல்லாத காலி லிஸ்ட் குடு, பாக்கலாம்" என்றார்.

கொடுத்தேன். புரோகிராம் பாதியில் நின்றது. மறுபடி சிரிப்பு. எனக்கு வந்த ஆத்திரத்தில், அவருடைய நோட்ஸை வரி பிசகாமல் தட்டி, அதற்கும் காலி லிஸ்ட் கொடுத்தேன். அதுவும் நின்றது. இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"அதெல்லாம் எக்ஸாம்ல வராதுமா" என்றார்.

எனக்கு மட்டும் வந்ததே! பெட்டியே இல்லையென்றால் எதுவும் செய்யாமல் வெளியே வந்துவிடு என்று மேலே ஒரு வரி சேர்த்து ஓட்டிக் காட்டினேன். பார்த்தார். மார்க்கை மாற்றவில்லை. நோட்ஸையும் மாற்றவில்லை. அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்.

"விடுட்டி, சர்ட்டிபிகேட் வாங்குத வரைக்கும் பொறுத்துக்கிடு" என்றாள் தோழி.

என்னால் முடியவில்லை, அன்றோடு நின்றுவிட்டேன். அவள் முடித்தாள். இப்போது எங்கள் மண்ணூர் அறையில், அவளுடைய பழைய லேப்டாப்பில் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்களே ஒருவருக்கொருவர் கணக்கு கொடுத்துக்கொள்கிறோம். ஸ்டாக், கியூ பாடங்கள் முடிந்து, ட்ரீ என்கிற மரப் பாடத்தில் இருக்கிறோம். விடை தப்பினால் ஏன் என்று சண்டை போடுகிறோம். அந்த வாத்தியார் மேல் கோபம் மட்டும் இன்னும் தணியவில்லை.