உரியாத படலம்

தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குள் எது புதிதாக வந்தாலும் முதலில் சாமி படத்தடிக்குத்தான் போகும். தையல் மிஷின், பரீட்சைப் பேனை, போன், எதுவானாலும் அம்மா திருநீறு தொட்டு வைக்கும்வரை யாரும் கைவைக்க முடியாது. இது தெரிந்திருந்தும் அந்தப் பெட்டியை ஊருக்கு, டிக்கோயாவுக்குக் கொண்டுபோனேனே, என் போதாத காலம்.

பெட்டிக்குள் நகத்தளவு சிலிக்கன் சில்லு. அதன்மேல், பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் நான் படியவைத்த போரான் நைட்ரைட் படலம். இந்தப் பொருளின் அணுக்கள் தட்டுத்தட்டாக அடுக்கியிருந்தால் மென்மை, பென்சில் கரிபோல வழுக்கும். கனசதுரமாகக் கோத்துக்கொண்டால் வைரத்துக்கு அடுத்த கடினம். எனக்கு வேண்டியது அந்தக் கடினமானது. அதை வளர்க்க, படியப் படிய அயனிகளால் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்படி அடிவாங்கி வளரும் படலம் உள்ளுக்குள் இறுகிப்போய், விரிய வழி தேடும். ஈரக்காற்று பட்டால் போதும், மழைக்காலத்து லயத்துச் சுவரில் சுண்ணாம்பு உப்பி உரிவதுபோல் உரிந்துவிடும். நான் முன்பு வளர்த்தவை எல்லாம் அப்படித்தான் போயின. இதுவும் போனால் ஆய்வுத் தலைப்பையே மாற்ற வேண்டும் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். இத்தனை நாள் உழைப்பும் வீண்.

திங்கட்கிழமை கொழும்பில் அளவீடு. அதற்கு முந்திய நாள் தோட்டத்துக் கோயில் திருவிழா, வராவிட்டால் அம்மா விடமாட்டார். ஆய்வுகூடத்தில் அந்த வாரக் கடைசியில் கரண்ட் இல்லை என்று அறிவித்துவிட்டார்கள், சில்லை ஈரம் படாமல் காக்கும் வெற்றிடப் பம்பும் ஓடாது. வேறு வழியில்லாமல், ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைப் போட்டுப் பெட்டியை இறுக ஒட்டி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஞாயிறு காலை கோயிலுக்குப் போய்த் திரும்பினால், வாசல் வழியே பனிமூட்டம் தாராளமாக உள்ளே வந்துகொண்டிருக்கிறது. சாமி படத்தடியில் என் பெட்டி வாயைப் பிளந்து கிடக்கிறது.

"அம்மா, இத யாரு தெறந்தா?"

"நான்தான். மூடி மேல திருநீறு வச்சா போதுமா? சாமான் உள்ளதானே இருக்கு. அதத் தொடக்கூட இல்ல புள்ள, மூடிக்கு உள்பக்கந்தான் பொட்டு வச்சேன்."

"ஈரக் காத்துப் பட்டா உரிஞ்சிரும்மா, எல்லாம் போச்சு! என் படிப்பே போச்சு!"

அம்மாவின் முகம் செத்துப்போய்விட்டது. அதைப் பார்க்கும் நிலையில் நான் இல்லை. சில்லை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். உரிவதென்றால் முதலில் ஓரத்தில் சுருக்கம் விழும். விழவில்லை. மறுபடி பார்த்தேன். தேர் பார்க்கப் போகாமல் அன்று முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலமும் கண்ணாடி மாதிரியே இருந்தது. அப்பாடா என்று பெட்டியை ஒட்டிப் பைக்குள் வைத்தபோதுதான் போன உயிர் திரும்பி வந்தது.

அந்த நிம்மதி ஒரு ராத்திரிதான் நிலைத்தது. மறுநாள் ஹட்டனில் ரயில் ஏறி உட்கார்ந்ததும் யோசனை ஓடியது. முன்பு செய்தவை ஆய்வுகூடத்துக் காற்றிலேயே, நான் ஒரு தேத்தண்ணி குடித்து வருவதற்குள் சுருங்கிவிட்டன. இது மட்டும் இவ்வளவு பனியில் எப்படி அசையாமல் கிடந்தது? உள்ளே இறுக்கமே இல்லாவிட்டால்? அயனி அடி போதாமல், மென்மையான தட்டடுக்காகவே வளர்ந்திருந்தால்? நேற்று உரியக்கூடாது என்று தவித்தவள், ஓடும் ரயிலில் பெட்டியைத் திறந்து, ஒரு சுருக்கமாவது விழுந்திருக்கக் கூடாதா என்று தேடினேன். என் பிழைப்பை நினைத்தால் எனக்கே எரிச்சலாக வந்தது.

கொழும்பில் அகச்சிவப்புக் கதிர் விட்டுப் பார்த்தார்கள். திரையில் தட்டடுக்குக்குரிய முகடு நெடுநெடுவென்று நின்றது. கனசதுரத்துக்குரிய இடத்தில் கோடு தரையோடு தரையாகப் போனது. படலம் உரியாததற்குக் காரணம், அது நான் தேடிய படலமே இல்லை என்பதுதான்.

வெளியே வரும்போது அம்மாவின் அழைப்பு.

"நேத்துலருந்து சோறு எறங்கல புள்ள. சொல்லு, என்னால கெட்டுப்போச்சா?"

"இல்லம்மா. உங்களால ஒண்ணும் கெடல."

"உரியலையே?"

"உரியல."

"அப்ப நெனச்சது வந்திருச்சா?"

பைக்குள் இருந்த பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன்.

"பத்திரமா இருக்கும்மா," என்றேன். "போய்ச் சாப்பிடுங்க."