நான் பொறுப்பில்லை என்றவர்

குச்சவெளி மீன் வியாபாரி ஒருவரிடம் பழைய கார் ஒன்றை மலிவாக வாங்கினேன்.

"தம்பி, பின்னுக்கு நான் மீன்பெட்டிதான் ஏத்தினனான். நீங்க ஆக்களை ஏத்தாதீங்க. ஏத்தினா நான் பொறுப்பில்லை" என்றார்.

மீன் நாற்றத்துக்காகக் கூச்சப்படுகிறார் என்று நினைத்தேன். சீட்டைத் தேசிக்காய் போட்டுத் தேய்த்து, கீழே புதுப்பாய் விரித்து, கர்ப்பிணியான மனைவியைப் பின்னால் ஏற்றினேன்.

நிலாவெளிக்குக் கிட்ட ஒரு பள்ளத்தில் காரின் பின்சில்லு விழுந்து எழும்பியது.

"ஐயோ, நிப்பாட்டுங்க!"

திரும்பினேன். மீன்பெட்டி உப்புத்தண்ணீர் அரித்த அடித்தகரம் பாயோடு பெயர்ந்து போயிருந்தது. அவள் கால்களைத் தூக்கிப் பிடித்திருந்தாள். அந்தக் கால்களுக்குக் கீழே தார் ரோடு ஓடிக்கொண்டிருந்தது.

மீன் வியாபாரியைத் திட்ட நியாயமில்லை. அவர் சொல்லித்தான் விற்றார். ஏன் என்று கேட்காமல், காரணத்தை நானே கற்பித்துக்கொண்டேன். இன்றும் யாராவது "நான் பொறுப்பில்லை" என்றால், முதலில் கால் வைக்கும் இடத்தைத்தான் பார்க்கிறேன்.